முழுப்பருப்பு

உடையார்பாளையத்துக்குக் கிழக்கே போகிற டவுன்பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் வேம்புவின் ஊர் வந்துவிட்டதைச் சொல்லிவிடலாம். முந்திரிக்கொட்டை வறுக்கிற புகை ஜன்னல் வழியாக வந்து தொண்டையைப் பிடிக்கும். புதிதாக வருகிறவர்கள் இருமுவார்கள். ஊர்க்காரர்கள் இறங்குவதற்குப் பையைத் தேடுவார்கள்.

முந்திரி காய்ப்பது பங்குனி, சித்திரையில்தான். ஆனால் உடைக்கிற வேலை வருஷம் முழுக்க உண்டு. வறுத்த கொட்டையை வியாபாரி மூட்டையாகக் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போவார். பெண்கள் கையில் அடுப்புச் சாம்பலைத் தேய்த்துக்கொண்டு, கொட்டையைக் கல்லின் மேல் நிறுத்திக் கட்டையால் ஒரு தட்டு தட்டுவார்கள். ஓடு பிளந்து பருப்பு முழுசாக வெளியே வரவேண்டும். கை கொஞ்சம் பலமாக விழுந்துவிட்டால் உள்ளே இருப்பது உடைசல். முழுப்பருப்புக்கு இருக்கிற மரியாதை உடைசலுக்கு என்றைக்கும் கிடையாது. சாம்பல் எவ்வளவு தேய்த்தாலும் ஓட்டிலிருந்து கசிகிற எண்ணெய் தோலைத் தின்னாமல் விடாது. வேம்புவின் விரல் நுனியெல்லாம் கறுத்து, ரேகை அழிந்து கிடக்கும். ரேஷன் கடை மிஷினில் விரலை வைத்தால் அது பாதி நாள் அவளை யாரென்றே தெரியாது என்று சொல்லிவிடும்.

வேம்புவின் புருஷன் இளையபெருமாள் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவன். லாரி முதலாளியுடையது, வியர்வை இவனுடையது. ஒரே பிள்ளை அபிநயா. பிறக்கும்போதே மூச்சு முட்டிப் பிறந்தவள். கழுத்து நிற்கவே வெகுகாலம் ஆனது. கால் நடக்கவில்லை. கை இவள் ஒரு பக்கம் போகச் சொன்னால் அது ஒரு பக்கம் வெட்டி இழுக்கும். பேச்சும் அப்படித்தான். சொற்கள் வாய்க்குள்ளேயே முட்டி மோதிக் குழறி வெளியே வரும். மூளை மட்டும் கத்தி. வேம்பு அவளைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் விட்டு, மத்தியானம் ஒருமுறை போய்ச் சோறூட்டிவிட்டு வருவாள். அப்படியே பத்தாம் வகுப்பு வரைக்கும் கொண்டுவந்துவிட்டாள். ஊரில் எத்தனையோ பேருக்குக் கைகால் நன்றாக இருந்தும் இது முடியவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அபிநயா பேசுவது உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் புரியும். அது வேம்பு. லாரியோடு அலைகிற இளையபெருமாளுக்கே பாதிதான் பிடிபடும். அதனால் பிள்ளை என்ன சொன்னாலும் அது வேம்புவின் வாய் வழியாகத்தான் ஊருக்குப் போய்ச் சேர வேண்டும். வேம்பு அதை அப்படியே அனுப்பிவிட மாட்டாள். பக்கத்து வீட்டுப் பச்சையம்மாள் கொட்டை உடைக்க வந்து உட்கார்ந்தால் அபிநயா ஏதோ சொல்லுவாள். "என்னாடி சொல்றா ஒம் மவ?" என்று பச்சையம்மாள் கேட்பாள். "சாப்ட்டியளான்னு கேக்குறா" என்பாள் வேம்பு. பிள்ளை சொன்னதோ, இந்த அக்கா உடைக்கிறதைவிட வாயில் போட்டுக்கொள்கிறதுதான் அதிகம் என்று. ஊரில் நாளைக்கும் குடியிருக்க வேண்டுமே, வேம்புவைக் குற்றம் சொல்ல முடியாது.

இந்த ஏற்பாட்டில் ஒரு பெட்டி வந்து புகுந்தது.

பெரம்பலூர்ப் பக்கத்து இன்ஜினியரிங் காலேஜ் ஒன்றில் படித்த பிள்ளைகள் சிலர், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எழுதிப் பழகுவதற்காகச் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் செய்தார்கள். கம்ப்யூட்டர் என்று சொன்னால் அடிக்க வருவார்கள், அவ்வளவு எளிமை. தமிழ் எழுத்துப் பட்டன்கள், மேலே நாலு வரி தெரிகிற மாதிரி ஒரு சிறு திரை, அடியில் கடிகாரத்துக்குப் போடுகிற செல். நெட் கிடையாது, படம் கிடையாது, விளையாட்டு கிடையாது. எழுத மட்டும்தான் எழுதலாம். அதைக் கொண்டுவந்து பள்ளிக்கூடத்தில் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். பிள்ளைகள் நாலு நாள் தட்டிப் பார்த்துவிட்டு, இதில் ஒன்றுமே ஓடாது என்று தெரிந்ததும் கைவிட்டுவிட்டார்கள். எல்லாம் பீரோவுக்குள் போயின. ஒன்று மட்டும் அபிநயா மடியில் தங்கியது.

அதற்குக் காரணம் கவிதா டீச்சர். உடல் ஊனமுள்ள பிள்ளைகளைப் பார்க்க ஜெயங்கொண்டத்திலிருந்து வியாழக்கிழமை தோறும் பஸ் ஏறி வருகிற சிறப்பாசிரியை. பல ஊர், பல பள்ளிக்கூடம், ஒரே டீச்சர். அவள்தான் அந்தப் பெட்டியைச் செய்த பிரேம் என்ற பையனைப் பிடித்து அபிநயாவுக்கு ஏற்ற மாதிரி மாற்றித் தரச் சொன்னாள். பிரேம் பட்டன்களுக்கு மேலே துளை போட்ட தகடு ஒன்றைப் பொருத்திக் கொடுத்தான். கை எங்கே வெட்டி இழுத்தாலும் விரல் துளைக்குள் இறங்கினால்தான் எழுத்து விழும். ஒரு விரலால், ஒரு எழுத்தாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு அபிநயா எழுதத் தொடங்கினாள். வேம்பு வீட்டில் அதற்கு எழுத்துப் பொட்டி என்று பெயர்.

பெட்டியை வேம்பு தொடுகிற விதமே தனி. கொட்டை எண்ணெய் பட்டுவிடுமோ என்று சோப்புப் போட்டுக் கழுவி, முந்தானையில் துடைத்துவிட்டுத்தான் தொடுவாள். தூக்கி வைக்கும்போது நெற்றிக்கு நேரே வந்தால் கும்பிட்டுக்கொள்ளக்கூடச் செய்வாள். தன் பிள்ளை நினைத்தது திரையில் ஒவ்வொரு எழுத்தாக வந்து நிற்பதைப் பார்க்க உடைக்கிற வேலையை விட்டுவிட்டு எழுந்து வருவாள். ஐந்தாவது வரைக்கும் படித்தவள், எழுத்துக்கூட்டி வாசிப்பாள். 'தண்ணி', 'அப்பா எப்ப வரும்', 'இன்னிக்கு ரசம் உப்பு' என்று வரும். இதற்கெல்லாம் பெட்டி எதற்கு, என்னிடம் சொன்னால் ஆகாதா என்று ஒரு பக்கம் தோன்றும். ஆனாலும் சந்தோஷம்தான்.

ஆவணி கடைசியில் தமிழ் ஐயா கட்டுரை ஒன்று எழுதச் சொன்னார். 'எங்கள் வீட்டுத் தொழில்' என்று தலைப்பு. மற்ற பிள்ளைகள் கைடைப் பார்த்து, உழைப்பே உயர்வு தரும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அபிநயா அதற்கு ஒரு வாரம் எடுத்துக்கொண்டாள். வியாழக்கிழமை வந்த கவிதா டீச்சர் திரையில் அதைப் படித்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டைக்கூடச் சாப்பிடாமல் பெட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு நேரே வேம்பு வீட்டுக்கு வந்தாள். வேம்பும் பச்சையம்மாளும் உடைத்துக்கொண்டிருந்தார்கள். உட்காரக்கூட இல்லை, நின்றபடியே உரக்கப் படித்தாள்.

முந்திரிக்கு ஓடு ஒன்று, தோல் ஒன்று என்று ஆரம்பித்து, சாம்பல், புகை, அம்மாவின் விரல் எல்லாம் வந்தது. பச்சையம்மாள் கட்டையைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பிளந்தாள். கடைசியில் இப்படி இருந்தது: 'எங்கள் அம்மாவுக்கு இன்னொரு தொழிலும் உண்டு. நான் பேசுவதை எடுத்து ஊருக்குக் கொடுக்கும். நான் சொல்வது முழுப்பருப்பு. அம்மா கொடுப்பது உடைசல். அம்மாமேல் கோபம் இல்லை. ஆனால் என் பருப்பு எப்படி இருக்கும் என்று யாருக்குமே தெரியாது.'

டீச்சருக்குப் படிக்கிற சுகத்தில் எதிரே இருப்பவள் முகம் தெரியவில்லை. "எப்படி எழுதியிருக்கா பாத்தீங்களாக்கா" என்றாள். பத்தாவது பொதுத்தேர்வையும் இந்தப் பெட்டியிலேயே எழுத அனுமதி கேட்கப் போவதாகவும், அதற்கு ஆபீசர்கள் டாக்டரோடு வந்து பிள்ளை எழுதுவதை நேரில் பார்ப்பார்கள் என்றும், அவர்கள் கண்ணால் பார்த்துவிட்டால் மறுக்க முடியாது என்றும் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கா" என்று மட்டும் வேம்பு பச்சையம்மாளிடம் சொன்னாள். அன்றைக்கு அவள் உடைத்ததில் பாதி உடைசலாகப் போனது. பதினைந்து வருஷம் பிள்ளைக்கு நாக்காக இருந்தவளுக்கு அந்த நாக்கே குற்றவாளி என்று கேட்கும்போது எப்படி இருக்கும்? வலித்தது. அதை யாரிடம் சொல்ல? பிள்ளையிடம் சொன்னால் அது பெட்டியில் எழுதிவிடுமோ என்றுகூட ஒரு அபத்தமான பயம் அவளுக்கு வந்தது.

சரஸ்வதி பூசை வந்தது. நம் பக்கத்தில் அது ஆயுத பூசையும்தான். இளையபெருமாள் முந்தின நாளே முதலாளி லாரியை ஏரிக்கரையில் நிறுத்தித் தண்ணீரை வாரி இறைத்துக் கழுவி, கண்ணாடி முதல் சக்கரம் வரை சந்தனம் அப்பி, முன்னால் வாழைக்கன்று கட்டிவிட்டு வந்திருந்தான். வீட்டில் வேம்பு சாமி படத்துக்கு முன்னால் பலகை போட்டு, கொட்டை உடைக்கிற கல்லையும் கட்டையையும் கழுவி வைத்தாள். அரிவாள்மணை, சுத்தியல், அபிநயாவின் புத்தகம் எல்லாம் வந்தன. பொரி, கடலை, சுண்டல் ஒரு பக்கம். எல்லாவற்றையும் வைத்துவிட்டு நிமிர்ந்தவளுக்குப் பெட்டி கண்ணில் பட்டது.

பூசைக்கு வைத்தால் மறுநாள் வரைக்கும் எடுக்கக்கூடாது. அன்றைக்கு எழுதக்கூடாது, படிக்கக்கூடாது. அவள் பெட்டியைத் தூக்கியதும் அபிநயா உடம்பையெல்லாம் முறுக்கிக்கொண்டு, "வேணாம், வேணாம்" என்று கத்தினாள்.

"ஒரு நா எழுதாட்டி குடிமுழுவிப் போயிடாது ஆயி" என்றாள் வேம்பு. "சரஸ்வதிக்கு வைக்காம வேற எதுக்கு வைக்கிறது? ஆபீசருங்க வராங்கல்ல, நல்லா எழுத வேணாமா நீ?"

பிள்ளை எழுதுவதற்காகக் கத்தவில்லை. பெட்டிக்குத் தண்ணீரும் ஈரமும் ஆகாது என்று டீச்சர் சொன்னது அவளுக்கு ஞாபகம் இருந்தது. அதைச் சொல்லத்தான் பார்த்தாள். ஆனால் பதற்றம் வந்துவிட்டால் அவள் வாயில் முதல் சொல்லைத் தாண்டி வேறு எதுவும் வராது. வேணாம் என்பதோடு நின்றுபோனது. எதை வேண்டாம் என்கிறாள் என்பதை வேம்பு தானாக நிரப்பிக்கொண்டாள். வழக்கமாகச் செய்வதுதானே.

அன்றைக்குக் காலையில் அவள் இரண்டு முறை கையைக் கழுவியிருந்தாள். சந்தனத்தைத் தண்ணீர் விட்டு நைசாக உரைத்தாள். லாரிக்கும் கட்டைக்கும் எங்கே வேண்டுமானாலும் பொட்டு வைக்கலாம். இந்தப் பெட்டியிலோ வரிசை வரிசையாகத் துளைகள், சந்தனம் வைப்பதற்கென்றே யாரோ செய்துவைத்த மாதிரி. அவள் ஒவ்வொரு துளையிலும் விரலை விட்டுச் சந்தனம் வைத்தாள். அ முதல் கடைசி எழுத்து வரை ஒன்றையும் விடவில்லை. மேலே குங்குமம். பிறகு எல்லாவற்றுக்கும் சேர்த்து மாவிலையால் தண்ணீர் தெளித்தாள். கற்பூரம் காட்டும்போது அவள் கண்ணில் நீர் நின்றது. மனசார வேண்டிக்கொண்டாள். இதில் சந்தேகப்பட ஒன்றுமே இல்லை.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் பார்த்துப் பெட்டியை எடுத்துத் துடைத்து மடியில் வைத்தாள். அபிநயா விரலை இறக்கினாள். திரை பேசாமல் இருந்தது.

இளையபெருமாளுக்கு நம்பிக்கை போகவில்லை. "லாரிய முழுசா முக்கி எடுக்குறோம், அது ஓடாமயா போயிடுது? காஞ்சாச் சரியாயிடும்" என்றான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் களத்தில், காய்கிற முந்திரிக்கொட்டைக்கு நடுவே மல்லாத்தி வைத்தான். ஈரக்கொட்டை காய்ந்தால் கலகலவென்று சத்தம் வரும். பெட்டியை அடிக்கடி காதருகே ஆட்டிப் பார்த்தான். ஐப்பசி வெயிலும் கொஞ்சம் சுள்ளென்று அடித்தது. அந்தக் காய்ச்சலில் துளைக்குள் இருந்த சந்தனம் சிமெண்ட் போல இறுகிப்போனது.

வியாழக்கிழமை வந்த கவிதா டீச்சர் திருகாணியைக் கழற்றிப் பார்த்தாள். உள்ளே இருந்த பச்சை சர்க்யூட் பலகை முழுக்க மஞ்சளாகப் பூத்திருந்தது. அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட வேம்புவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பள்ளிக்கூடத்துப் பீரோவைத் திறந்து மற்றப் பெட்டிகளை எடுத்துப் பார்த்தால், யாரும் செல்லைக் கழற்றி வைக்காததால் எல்லாம் பொங்கி வழிந்து உப்புப் பூத்துக் கிடந்தன. பிரேமுக்குப் போன் போட்டாள். அவன் படிப்பை முடித்துவிட்டு ஓசூரில் வேலையில் இருந்தான். நல்ல பையன், வருத்தப்பட்டான். அந்தப் பலகை இப்போது கிடைப்பதில்லை என்றும், தன் சீனியர் தந்த பாகங்களை வைத்துச் செய்தது என்றும், இப்போதைய பிள்ளைகள் ட்ரோன் மாதிரி ஏதோ செய்து பறக்கவிடுகிறார்கள் என்றும் சொன்னான்.

"அது எங்களுக்கு ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுங்க மேடம்" என்றான். "இன்னும் யாராவது யூஸ் பண்ணிட்டு இருப்பாங்கன்னு நாங்க நெனக்கவே இல்ல."

ஊர் சும்மா இருக்குமா? பச்சையம்மாள் தண்ணீர்க் குழாயடியில் வைத்துச் சொன்னாளாம்: மகள் எழுதுனதக் கேட்ட அன்னிக்கே வேம்பு மூஞ்சி செத்துப்போச்சு, பொட்டி செத்ததுல அவளுக்கு உள்ளுக்குள்ள நிம்மதிதான் என்று. ஊர்வாயை உலைமூடி போட்டு மூட முடியாது. இது வேம்பு காதுக்கும் வந்தது. அவள் பச்சையம்மாளிடம் சண்டைக்குப் போகவில்லை. தன் மனசைத் தானே தோண்டிப் பார்த்துக்கொண்டாள். அப்படி எதுவும் இல்லை என்று அடித்துச் சொல்ல அவளால் முடியவில்லை. ஏனென்றால் பெட்டி போன பிறகு பிள்ளை மறுபடியும் தண்ணிக்கும் சோற்றுக்கும் அம்மாவைத்தான் கூப்பிட்டது. கூப்பிடும்போது இவளுக்கு இனித்தது. பாவி மனசு.

கார்த்திகை மழையில் ஆபீசர்கள் வந்தார்கள். உடையார்பாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பல ஊர்ப் பிள்ளைகளையும் ஒரே நாளில் வரச் சொல்லியிருந்தார்கள். இளையபெருமாள் லோடுக்குப் போக வேண்டியிருந்தது. போகிறபோது, "சார் என்னா சொல்றாரோ அதுக்குச் சரின்னுட்டு வா. எதுத்துப் பேசி இருக்கறதையும் கெடுத்துடாத" என்று சொல்லிவிட்டுப் போனான். வேம்பு பிள்ளைக்கு மேலே பாலிதீன் சாக்கைப் போர்த்தி ஆட்டோவில் கொண்டுபோனாள். செத்த பெட்டியும் அபிநயா மடியில் வந்தது. அதை விட்டுவிட்டு வர அவள் சம்மதிக்கவில்லை.

வராந்தா முழுக்கத் தாய்மார்களும் நனைந்த பிள்ளைகளும். கவிதா டீச்சர் அந்தக் கடைசிக்கும் இந்தக் கடைசிக்கும் ஓடிக்கொண்டிருந்தாள். இவர்கள் முறை வந்தபோது அவள் வலிப்பு வந்த ஒரு பிள்ளையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வேறு அறையில் இருந்தாள்.

ஆபீசர் நல்ல மனுஷர். இதை அழுத்திச் சொல்ல வேண்டும், கெட்டவராக இருந்திருந்தால் வேம்பு உஷாராகியிருப்பாள். அவர் பிள்ளைக்கு பிஸ்கட் கொடுத்தார். டாக்டர் கையை நீட்டிப் பார்த்து, மடக்கிப் பார்த்து, தலையாட்டிவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போய்விட்டார். மிஷினில் எழுதுவாள் என்று மனு இருக்கிறதே, எங்கே, எழுதிக் காட்டட்டும் என்று கேட்டார் ஆபீசர். ரிப்பேர் ஆகிவிட்டது என்றாள் வேம்பு. எப்படி என்று அவர் கேட்கவில்லை. எல்லாப் பாடத்துக்கும் பக்கத்தில் ஒருவர் இருந்து இவள் சொல்வதைக் கேட்டு எழுதுவார் என்றார். இவள் பேசுவது மற்றவர்களுக்குப் புரியாது என்றாள் வேம்பு. அவர் யோசித்தார்.

"அப்ப இப்புடிப் பண்ணுவோம். கணக்கு, சயின்ஸ்னா நம்பரு, ஒத்தச் சொல்லு, எப்புடியாவது சமாளிச்சுடலாம். தமிழ்தாம்மா பெரிய தொல்ல. பக்கம் பக்கமா எழுதணும். இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்கு மொழிப்பாட விலக்குக் கேக்கலாம். தமிழ்ப் பரீட்சை எழுத வேணாம்னு போட்டுடுறேன்." அவர் குனிந்து அபிநயாவையே நேராகக் கேட்டார். அதுவும் அவருடைய நல்ல குணம்தான். "என்ன பாப்பா, போட்டுடலாமா?"

அபிநயாவின் தலை பின்னால் வெட்டிப் போனது. கை பெட்டியில் மோதியது. கழுத்து நரம்பு புடைக்க ஒரு சொல் வந்தது.

"என்னம்மா சொல்லுது புள்ள?"

வேம்புவுக்குப் புரிந்தது. எப்போதும் போல மனசு அதைக் கழுவித் துடைத்து நல்லதாக எதையாவது மாற்றிக் கொடுக்கத் தயாரானது. அப்போதுதான் அந்தக் கட்டுரை ஞாபகம் வந்தது. முழுசாகக் கொடுப்போம், இந்த ஒருமுறையாவது முழுசாகக் கொடுப்போம் என்று நினைத்தாள்.

"வேணாம்ங்குறா சார்" என்றாள்.

ஆபீசர் சிரித்தார். "வேணாம்தானே? யாருதான் பரீட்சை வேணும்பாங்க" என்று பேனாவைத் திறந்தார்.

அபிநயா மறுபடியும் கத்தினாள். அதே சொல். நாற்காலியின் சக்கரம் அசைந்தது. பிஸ்கட் கீழே விழுந்தது. ஆபீசர் அவள் கையைத் தட்டிக்கொடுத்து, "சரிம்மா சரிம்மா, வேணாம்னே போட்டாச்சு. பயப்படாத" என்றார்.

அவர் எழுதி முடிக்கிற வரைக்கும் நேரம் இருந்தது. பேனா ஒன்றும் லாரி வேகத்தில் ஓடவில்லை. அது இல்ல சார், விலக்குத்தான் வேணாம்ங்குறா, எழுதுறேங்குறா என்று சொல்ல வேம்புவின் வாய் திறக்கவும் திறந்தது. ஆனால் பின்னால் வரிசை நின்றது. புருஷன் சொல்லிவிட்டுப் போனது நின்றது. எல்லாவற்றுக்கும் மேலே, பரீட்சை ஹாலில் யாரோ ஒரு டீச்சர் இவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, புரியாமல், கடிகாரத்தைப் பார்க்கிற காட்சி அவள் கண் முன்னால் நின்றது. வாயை மூடிக்கொண்டாள். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். பிள்ளை அதற்கப்புறம் கத்தவில்லை. அம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்த வியாழக்கிழமை கவிதா டீச்சர் அட்டையில் எழுத்துகளைப் பெரிதாக எழுதிக்கொண்டு வீட்டுக்கு வந்து அபிநயா முன்னால் விரித்தாள். துளைத் தகடு இல்லாமல் விரல் நிற்கவில்லை. க-வுக்குப் போனால் ப-வில் விழுந்தது. ஒரு சொல் சேர்வதற்குள் டீச்சர் ஏறவேண்டிய பஸ் போய்விட்டது. 'எழுதுவேன்' என்று வந்தது. டீச்சர் அட்டையை மடக்கி வைத்துவிட்டு வாசலில் உடைத்துக்கொண்டிருந்த வேம்புவிடம் வந்தாள்.

"அக்கா, அவ வேணாம்னது எதைன்னு ஒங்களுக்குப் புரியலையா?"

"புரிஞ்சுது டீச்சர்."

"அப்பறம் ஏன் சொல்லல?"

வேம்பு கொட்டையைக் கல்லில் நிறுத்தினாள். தட்டவில்லை. "அவ சொன்னத அப்புடியே சொன்னேன். கூட்டல, கொறைக்கல. அப்புடித்தான சொல்லணும்னு எழுதியிருந்தா?"

டீச்சர் அவள் எதிரே குந்தி உட்கார்ந்தாள்.

"அங்க அவ பேச்ச யாரு டீச்சர் கேப்பா? என்னைய உள்ள வுடுவாங்களா?" என்றாள் வேம்பு. "எழுதி ஃபெயிலாப் போனா, ஊரு என்னா சொல்லும்? இதுக்குத்தான் தள்ளிட்டுத் திரிஞ்சியாம்பாங்க. எழுதாட்டி அந்தப் பேச்சு இல்லல்ல. எனக்கு அதாந் தோணுச்சு. தப்புத்தான்."

இது முழுக்கவும் வீட்டுக்குள்ளே இருந்த அபிநயாவுக்குக் கேட்டது. டீச்சர் மறுநாளே ஆபீசுக்குப் போய்ப் பார்த்தாள். பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றியாகிவிட்டது, இனி அதில் கை வைக்க முடியாது என்றார்கள். அந்தப் பிள்ளைக்கு நல்லதுதானே செய்திருக்கிறோம், ஏன் அலைகிறீர்கள் என்றும் கேட்டார்களாம்.

அன்றிலிருந்து அபிநயா அம்மாவிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். தண்ணீர் வேண்டுமென்றால் குடத்தைப் பார்ப்பாள். பசித்தால் தட்டைப் பார்ப்பாள். வேம்பு பேசிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், ஒருநாள் அடிக்கவும் அடித்துவிட்டு அவளே அழுதாள். இளையபெருமாள், "என்னாதான் நடந்துச்சு உங்களுக்குள்ள?" என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் லாரிக்குப் போய்விடுவான். வேறு எவருக்கும் புரியாத ஒரு பேச்சு அந்த வீட்டில் இருந்தது, அதுவும் இல்லாமல் போனபோது வீடு எவ்வளவு காலியாகிவிட்டது என்பது வேம்புவுக்கு மட்டும்தான் தெரியும்.

பங்குனி பிறந்தது. காட்டில் முந்திரிப்பழம் மஞ்சளும் சிவப்பும் தொங்கி, ஊரெல்லாம் பழம் அழுகிய வாசனை. பத்தாம் வகுப்புப் பரீட்சை தொடங்கியது. முதல் நாள் தமிழ். காலையிலிருந்து அபிநயா கொடியில் கிடந்த யூனிபாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு ஒனக்குப் பரிச்ச இல்ல ஆயி" என்றாள் வேம்பு. பிள்ளை பார்வையை எடுக்கவில்லை. வேம்பு யூனிபாரத்தை மாட்டிவிட்டு, இரட்டைச் சடை பின்னி ரிப்பன் கட்டினாள். பெட்டியை எடுத்து மடியில் வைத்தாள். நாற்காலியைத் தள்ளி வாசல் வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, தான் பக்கத்தில் உட்கார்ந்து சாம்பலைத் தேய்த்துக்கொண்டாள். பச்சையம்மாளும் வந்து சேர்ந்தாள்.

பள்ளிக்கூடத்து மணி அங்கே வரைக்கும் கேட்கும். அது அடித்ததும் அபிநயா விரலை இறக்கினாள். சந்தனம் இறுகிய துளையில் விரல் முட்டி நின்றது. எடுத்து அடுத்த துளைக்குப் போனாள். அதற்கடுத்த துளைக்கு. திரையில் ஒன்றும் இல்லை. நெற்றி வியர்த்து வழிந்தது. அவள் நிறுத்தவில்லை. ஒரு பத்தி முடிந்த மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள்.

பச்சையம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. கட்டையை வைத்துவிட்டு எழுந்து போய் அவள் முகத்துக்கு நேரே குனிந்தாள். "என்னாடி ஆயி எழுதுற?" என்று கேட்டாள். நிஜமான பரிவோடுதான் கேட்டாள்.

அபிநயா தலையை நிமிர்த்தினாள். இத்தனை மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக வாய் திறந்து, பச்சையம்மாளைப் பார்த்து, நீளமாக ஏதோ சொன்னாள். முக்கி, நிறுத்தி, மறுபடி தொடங்கி, கடைசிச் சொல் வரைக்கும் சொல்லி முடித்தாள்.

பச்சையம்மாளுக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. திரும்பி வேம்புவைப் பார்த்தாள். "என்னாடி சொல்றா?"

வேம்புவின் கையில் கொட்டை இருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"தமிழ்ப் பரிச்ச எழுதுறாளாம். என்னா எழுதுறான்னு எங்கிட்ட கேக்கக் கூடாதாம். நான் தப்பாச் சொல்லுவனாம்."

பச்சையம்மாள் வந்து உட்கார்ந்து கட்டையை எடுத்தாள். வேம்பு கொட்டையைக் கல்லில் நிறுத்தித் தட்டினாள்.